தேர் நம்மை இழுக்கிறது, நாம் தேரை இழுக்கிறோம்: பிறகு தேர் எப்படி நகர்கிறது?

ஓடம்போக்கி (பதிவு 1)

பதினோராம் வகுப்பு நியூட்டன் விதிகள் பாடத்தில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன். திருவாரூர் ஆழித்தேரையே எடுத்துக்கொள்வோம். எவ்வளவு விசையோடு வடத்தை இழுக்கிறோமோ, அதே அளவு விசையோடு தேர் நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது என்கிறது மூன்றாம் விதி. அளவு சமம், திசை எதிர். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம்தானே? அப்படியானால் தேர் நிலையை விட்டே அசையக் கூடாது. ஆனால் நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிறது. "தேர் இழுப்பதைவிட ஆட்கள் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறார்கள்" என்று ஒரு பதில் கிடைத்தது. அது மூன்றாம் விதிக்கே முரணாகத் தெரிகிறது. யாராவது கணக்கோடு விளக்க முடியுமா?

வெட்டாறு (பதிவு 2)

தம்பி, அந்தப் பதில் தவறுதான். வடத்தின் கனத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஆட்கள் தேரை இழுக்கும் விசையும் தேர் ஆட்களை இழுக்கும் விசையும் எப்போதும் சமம். தேர் நிற்கும்போதும் சமம், கிளம்பும்போதும் சமம், ஓடும்போதும் சமம். ஒரு நியூட்டன்கூட வித்தியாசம் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பொருள் நகருமா என்று பார்க்க, அந்தப் பொருளின் மேல் விழும் விசைகளை மட்டும் கூட்ட வேண்டும். நீங்கள் கூட்டிய இரண்டில் ஒன்று தேரின் மேல் விழுகிறது, மற்றது ஆட்களின் மேல் விழுகிறது. என் கடன் கணக்கையும் பக்கத்து வீட்டுக்காரர் வரவுக் கணக்கையும் கூட்டிப் பூஜ்யம் என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

ஒரு தாளில் படம் போடுங்கள். தேரைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியிலிருந்து தேரைத் தொடும் அம்புகளை மட்டும் வரையுங்கள்: வடம் முன்னுக்கு இழுப்பது, தெரு சக்கரத்தைப் பின்னுக்குத் தடுப்பது, பூமி கீழே இழுப்பது, தெரு மேலே தாங்குவது. கடைசி இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். மிச்சம் வடமும் தடையும். வடம் தடையைவிடப் பெரிதானால் தேர் கிளம்பும்.

இப்போது அந்த வட்டத்தை அழித்துவிட்டு ஆட்களைச் சுற்றிப் போடுங்கள். வடம் அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது. அவர்கள் பாதத்தால் தெருவைப் பின்னுக்கு உதைக்கிறார்கள், தெரு அவர்களை முன்னுக்குத் தள்ளுகிறது. அதுதான் பாதத்துக்கும் தெருவுக்கும் இடையிலான நிலை உராய்வு.

மூன்றாவதாக, தேர், வடம், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வட்டம். வடத்தின் இழுவிசை வட்டத்துக்கு உள்ளேயே முடிந்துபோவதால் கணக்கில் வராது. வெளியிலிருந்து கிடைமட்டமாக வருவது இரண்டே இரண்டு: தெரு பாதங்களை முன்னே தள்ளுவது, தெரு சக்கரங்களைப் பின்னே தடுப்பது. முதலாவது பெரிதாக இருக்கும் வரை தேர் வேகம் எடுக்கும். ஆகவே தேரை நகர்த்துவது தெரு என்றே எழுதலாம், தேர்வில் அப்படி எழுதினாலும் சரிதான்.

அரசலாறு (பதிவு 3)

"தெரு நகர்த்துகிறது" என்று எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். தெரு நகராமல் நிற்கிறது, அதனால் இயற்பியல் பொருளில் அது வேலை செய்வதில்லை. ஆற்றல் தசையிலிருந்து வருகிறது, முன்னோக்கிய வெளி விசை தெருவிலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெட்டாறு (பதிவு 4)

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆற்றலைக் கொடுப்பவர்கள் ஆட்கள். தெரு கொடுப்பது விசை மட்டும்.

இனி எண்கள். ஆழித்தேரின் எடை ஏறக்குறைய 300 டன், அலங்காரத்தோடு உயரம் 96 அடி என்று சொல்வார்கள். 3,00,000 கிலோவைப் புவியீர்ப்பு முடுக்கமான (g) 9.8 ஆல் பெருக்கினால் 29,40,000 நியூட்டன். இது பூமி கீழே இழுக்கும் விசை. இதை யாரும் தூக்கப் போவதில்லை, தெரு தாங்கிக்கொள்கிறது. வடம் வெல்ல வேண்டியது உருளும் தடையையும் அச்சுத் தடையையும் மட்டும்தான். இரண்டும் சேர்ந்து எடையில் 100க்கு 3 பங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (சக்கரம், அச்சு, தரை மாறினால் இது மாறும்). 29,40,000 × 0.03 = 88,200 நியூட்டன்.

ஒரு ஆள் தொடர்ந்து இழுக்கக்கூடியது சுமார் 200 நியூட்டன், அதாவது 20 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு. 500 பேர் என்றால் 1,00,000 நியூட்டன். மிச்சம் 11,800. அதை 3,00,000 ஆல் வகுத்தால் முடுக்கம் 0.039. ஆளுக்கு 60 கிலோ வீதம் ஆட்களின் 30 டன்னையும் சேர்த்து வகுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும், அது பெரிய மாற்றம் இல்லை. பத்து விநாடியில் வேகம் விநாடிக்கு 0.39 மீட்டர், நிதானமாக நடப்பதில் பாதிகூட இல்லை. தேர் அசைந்து அசைந்து வருவதன் காரணம் இந்தச் சின்ன மிச்சம்தான்.

முட்டுக்கட்டை (பதிவு 5)

ஓடும் தேருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் நிலையிலிருந்து கிளப்பும்போது நிலைமை வேறு. நின்ற தேரில் சக்கரம் பதிந்திருக்கும், அச்சில் மசகு பிதுங்கி வெளியே போய் உலோகமும் உலோகமும் ஒட்டி நிற்கும். தடை 100க்கு 5 பங்கு வரை ஏறினால் 1,47,000 நியூட்டன். 500 பேர் இழுக்கும் ஒரு லட்சம் போதாது.

அதற்குத்தான் பின்சக்கரத்தில் நெம்புதடி. 3 மீட்டர் மரத்துக்குச் சக்கரத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி அண்டைக்கட்டை (நெம்புதடியைத் தாங்கும் கட்டை) வைத்தால், நீளக் கை 285, குட்டைக் கை 15, அதாவது 19 மடங்கு. பத்துப் பேர் ஆளுக்கு 400 நியூட்டன் அழுத்தினால் 4,000 × 19 = 76,000 நியூட்டன். வடமும் சேர்ந்தால் 1,76,000. தேர் அசைந்துவிடும். அசைந்ததும் தடை 88,200க்கு இறங்கிவிடும், அதன் பிறகு வடமே போதும். நெம்புதடி சக்கரத்தை நகர்த்துவது சில சென்டிமீட்டர்தான். 19 மடங்கு விசை கிடைத்தால் தூரம் 19 மடங்கு குறையும். கிளப்புவதற்கு அந்தச் சில சென்டிமீட்டர் போதும். (புல்டோசர் பின்னால் தள்ளும் இடங்களிலும் கணக்கு இதேதான், நெம்புதடியின் இடத்தில் அது நிற்கிறது.)

இன்னொன்று. "ஆரூரா! தியாகேசா!" என்று குரல் கொடுத்து இழுப்பது பக்தி மட்டுமில்லை, அங்கே இயற்பியலும் வேலை செய்கிறது. 500 பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் எந்த நொடியிலும் வடத்தில் பாதிப் பேரின் விசைகூட இருக்காது. கிளப்ப வேண்டியது ஒரே ஒரு நொடியில் 1,47,000ஐத் தாண்டுவது. முந்தின நொடியில் இழுத்தது சேர்ந்து நிற்காது, தேர் அசையாத வரைக்கும் அது வீண்.

ஓடம்போக்கி (பதிவு 6)

இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம் மட்டும். தேர் ஓட ஆரம்பித்த பிறகு நிலைமம்தானே அதை இழுத்துக்கொண்டு போகிறது? அப்போது வடத்தில் அவ்வளவு விசை தேவையில்லை அல்லவா?

அரசலாறு (பதிவு 7)

இல்லை. நிலைமம் எதையும் இழுக்காது. அது விசையே இல்லை, இருக்கும் வேகத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்கும் சொல். சோதித்துப் பார்க்கலாம்: தேர் விநாடிக்கு 0.5 மீட்டரில் வரும்போது எல்லோரும் வடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? இயக்க ஆற்றல் ½ × 3,00,000 × 0.25 = 37,500 ஜூல். தடை 88,200 நியூட்டன். வகுத்தால் 0.43 மீட்டர். ஒரு முழம் கூட முழுதாக ஓடாது.

ஆகவே ஒரே சீரான வேகத்தில் தேர் வரும்போது வடம் 88,200 நியூட்டனை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, தடை அதே 88,200ஐத் திரும்பக் கொடுக்கிறது. நிகர விசை பூஜ்யம், வேகம் மாறவில்லை. முதல் விதி இதுதான். "நிகர விசை பூஜ்யம் என்றால் பொருள் நிற்கும்" என்று மனசில் பதிந்திருப்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கும் வேர். நிகர விசை பூஜ்யம் என்றால் வேகம் மாறாது, அவ்வளவுதான். நின்றது நிற்கும், ஓடுவது ஓடும்.

வெட்டாறு (பதிவு 8)

37,500 ஜூல் எவ்வளவு என்று மனசில் வர ஓர் ஒப்பீடு. இரண்டு பேரோடு 280 கிலோ வரும் மோட்டார் சைக்கிள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 38,900 ஜூல். ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உந்தம் (நிறை × வேகம்) பாருங்கள்: தேருக்கு 1,50,000, பைக்குக்கு 4,670 அளவு. 32 மடங்கு. எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்றால் ஆற்றலைப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்றால் உந்தத்தைப் பாருங்கள். மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப்போடுவதால்தான் கணக்கு தப்புகிறது.

குடமுருட்டி (பதிவு 9)

அரை மீட்டரில் தானே நின்றுவிடும் என்றால் முட்டுக்கட்டை எதற்கு? பிரேக் எதற்கு?

முட்டுக்கட்டை (பதிவு 10)

மூன்று காரணம்.

ஒன்று, சரிவு. நம் பக்கம் தரை தட்டைதான், ஆனாலும் மதகுப் பாலம், மேடு எங்கேயாவது வரும். 100 மீட்டருக்கு 3 மீட்டர் சரிந்தால் புவியீர்ப்பின் சரிவுப் பங்கு 29,40,000 × 0.03, அதே 88,200. வடத்தை விட்டாலும் தேர் நிற்காது, வந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் சரிந்தால் வேகம் ஏறும்.

இரண்டு, தடை குறைந்துவிட்டது. ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. தடை 100க்கு 1 பங்காக இறங்கினால் 29,400 நியூட்டன்தான். இழுக்க லேசு, ஆனால் விட்டால் 0.43க்குப் பதில் 1.28 மீட்டர் ஓடும். ஒரு சதவீதச் சரிவு போதும், நிற்காமல் போகும். இழுக்க எளிதான எந்த வண்டிக்கும் பிரேக் அந்த அளவுக்கு முக்கியம்.

மூன்று, கட்டை வேகத்தின் இரு மடியோடு மோதுகிறது. இரண்டு முன்சக்கரங்களும் கட்டை மேல் ஏற, தேரின் பாதி எடை, 14,70,000 நியூட்டன், மேலே போக வேண்டும். 0.5 மீட்டர் வேகத்தில் 37,500 ஜூல்: 2.5 சென்டிமீட்டர் உயரம்தான் ஏற முடியும். 5 சென்டிமீட்டர் கட்டை பிடித்துவிடும். வேகம் 1 மீட்டர் ஆனால் ஆற்றல் நான்கு மடங்கு, 1,50,000 ஜூல்: 10 சென்டிமீட்டர் ஏறும். அதே கட்டையைச் சக்கரம் தாண்டி மறுபக்கம் தடாலென்று விழும். அச்சு முறிவது, தேர் உலுங்குவது எல்லாம் அங்கேதான். கட்டை போடுகிறவர் கண் சக்கரத்தில் இருந்தாலும் கவனம் வேகத்தில் இருக்க வேண்டும். வேகம் கூடினால் உயரக் கட்டையை ஒரே அடியாகப் போடக் கூடாது, சரிவான கட்டையை முதலில் கொடுத்து ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். பக்கவாட்டில் நின்று கைப்பிடியால்தான் செருக வேண்டும், சக்கரத்தின் பாதையில் ஒரு கால்கூட இருக்கக் கூடாது.

திருப்பம் தனி விஷயம். தேருக்கு ஸ்டியரிங் இல்லை, நான்கு சக்கரமும் நேர் பார்த்தவை. வீதி முனையில் சக்கரம் உருண்டு திரும்ப வழியில்லை, பக்கவாட்டில் வழுக்கித்தான் திரும்ப வேண்டும். ஒரு சக்கரத்தின் மேல் 7,35,000 நியூட்டன். காய்ந்த தரையில் வழுக்கும் உராய்வு எண் (உராய்வு அழுத்தும் எடையில் எத்தனை பங்கு என்பது) 0.4 என்றால் ஒரு சக்கரத்துக்கே 2,94,000 நியூட்டன் தேவை. இரும்புத் தகடு பரப்பி மசகு தடவினால் 0.1, அதாவது 73,500. நாலில் ஒரு பங்கு. அதனால்தான் முனை திரும்ப அத்தனை நேரமும் அத்தனை தகடும்.

வெண்ணாறு (பதிவு 11)

பாதத்தின் கணக்கையும் முடித்துவிடலாம். 60 கிலோ ஆள், எடை 588 நியூட்டன். காய்ந்த தார் சாலையில் வெறுங்கால் உராய்வு எண் 0.6 என்றால் 353 நியூட்டன் வரை வழுக்காமல் உதைக்கலாம், தேவையான 200க்குப் பஞ்சமில்லை. வெயிலுக்குச் சாலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது மண்ணோடு சேர்ந்து வழவழப்பாகி 0.3க்கு இறங்கினால் 176 நியூட்டன்தான். 500 × 176.4 = 88,200. தேரின் தடையும் 88,200! கைவலு எவ்வளவு இருந்தாலும் முடுக்கம் பூஜ்யம், கிளப்பவே முடியாது.

இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். ஆட்களின் மொத்த நிறை 30 டன் × 0.3 = 9. தேர் 300 டன் × 0.03 = 9. g இரண்டு பக்கமும் அடிபட்டுவிட்டது. நிலாவில் g ஆறில் ஒரு பங்கு, தேர் அங்கே 'லேசாக' இருக்கும், ஆனால் பாதத்தின் பிடிப்பும் அதே அளவு லேசாகிவிடும். வழுக்கும் தரையில் 500 பேரால் அங்கேயும் அசைக்க முடியாது. எடை வேறு, நிறை வேறு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடைப்பது அரிது.

உடம்பைச் சாய்ப்பதும் பிடிப்புக்காக இல்லை, கவிழாமல் இருக்க. வடம் 1 மீட்டர் உயரத்தில் 250 நியூட்டனோடு பின்னுக்கு இழுத்தால், பாதத்தைச் சுற்றி 250 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை பின்பக்கம் சாய்க்கும். அதை ஈடுகட்ட உடம்பின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு 250 ÷ 588 = 0.43 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். அதனால் வடம் அறுந்தாலோ திடீரென்று தளர்ந்தாலோ எல்லோரும் முகங்குப்புற விழுவார்கள், பின்னால் விழ மாட்டார்கள்.

வடம் அறுவது எங்கே என்பதும் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டு வடத்தில் ஆளுக்கு 200 நியூட்டனாக 250 பேர் வீதம் என்றால், தேரோடு கட்டிய இடத்தில் 50,000 நியூட்டன், நடுவில் 25,000, முன்நுனியில் கடைசி ஆள் கையில் 200. 'கயிறு முழுக்க ஒரே இழுவிசை' என்பது நடுவில் யாரும் பிடிக்காத கயிற்றுக்கு மட்டும்தான்.

குடமுருட்டி (பதிவு 12)

புவியீர்ப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. "கனமானது வேகமாக விழும், அதனால்தான் தூற்றும்போது நெல் காலடியிலும் பதர் தூரத்திலும் விழுகிறது" என்று பலரும் எழுதுகிறார்கள். சரியா?

அரசலாறு (பதிவு 13)

முடிவு சரி, காரணம் தவறு. காற்றே இல்லாவிட்டால் நெல்லும் பதரும் 2 மீட்டரிலிருந்து 0.64 விநாடியில் ஒன்றாகத்தான் தரை தொடும். பிரிப்பது காற்றுத்தடை. விழும் பொருளின் வேகம் ஏற ஏறக் காற்றுத்தடை கூடி எடைக்குச் சமமாகும்போது வேகம் ஏறுவது நின்றுவிடும், அதுதான் முற்றுத் திசைவேகம். நல்ல நெல்மணிக்கு அது விநாடிக்கு 7 மீட்டர் போல, பதருக்கு 2 மீட்டர் போல என்று வைப்போம். இரண்டுக்கும் வடிவமும் பரப்பும் ஏறக்குறைய ஒன்றே, உள்ளே அரிசி இல்லாததால் பதருக்கு எடை மட்டும் குறைவு.

விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் நெல்லின் மேல் கிடைமட்ட முடுக்கம் 9.8 × (3/7)² = 1.8. 0.64 விநாடியில் 37 சென்டிமீட்டர்தான் விலகும். பதர் உடனே காற்றின் வேகத்துக்கு வந்துவிடும், கீழே வர ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும், 3 மீட்டர் தள்ளி விழும். காற்று 7 மீட்டரை நெருங்கினால் நல்ல நெல்லும் கூடப் போய்விடும். களத்தில் காற்று பலக்கும்போது முறத்தைத் தாழ்த்திப் பிடிப்பது அதற்காகத்தான், விழும் நேரம் குறைந்தால் விலகலும் குறையும்.

ஓடம்போக்கி (பதிவு 14)

9.8 என்று எல்லோரும் போடுகிறீர்கள். எங்கள் ஊரிலும் அதேதானா? வீட்டிலேயே அளக்க வழி இருக்கிறதா?

வெட்டாறு (பதிவு 15)

டெல்டா நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் இங்கே g 9.78 தான். துருவத்தில் 9.83. தனி ஊசலால் அளக்கலாம். உருண்டையான கனத்த குண்டு, முறுக்கு அவிழாத நூல். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நடு வரை 99.1 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு முழு அலைவுக்கு 2 விநாடி. 50 அலைவுக்கு 100 விநாடி வர வேண்டும். ஓரலைவை அளந்து 50ஆல் பெருக்காதீர்கள், விரல் தாமதமும் 50 மடங்காகும். குண்டு கீழ்ப்புள்ளியைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள், 'பூஜ்யம்' என்று தொடங்க மறந்து 'ஒன்று' என்று தொடங்கினால் 49தான் எண்ணியிருப்பீர்கள், g 4 சதவீதம் கூடிப் போகும். வீச்சு 10 செ.மீ. தாண்ட வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

குடமுருட்டி (பதிவு 16)

உராய்வையும் அளந்துவிடுங்கள். 3 கிலோ செங்கலைச் சிமெண்ட் தரையில் வைத்துக் கயிறு கட்டி வில் தராசால் கிடைமட்டமாக இழுங்கள். கிளம்பும் நொடியில் உள்ள உச்ச அளவு ஒன்று, சீராக நகரும்போது உள்ள அளவு அதைவிடக் குறைவாக இன்னொன்று. கிலோவில் காட்டினால் 9.8ஆல் பெருக்கி நியூட்டனாக்குங்கள். பிறகு செங்கலை ஒரு பலகை மேல் வைத்து அடியில் நாலு உருண்டைப் பென்சில் கொடுங்கள். முதலில் கிலோக்கணக்கில் காட்டியது இப்போது கிராம் கணக்குக்கு வந்துவிடும். 5 கிலோ தராசில் அது தெரியவே தெரியாது, அரை கிலோ தராசு வேண்டும். ஆறு பட்டை பென்சில் ஆகாது, ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்ன முட்டுக்கட்டை.

வெண்ணாறு (பதிவு 17)

ஒரு சேர்க்கை. வில் தராசைத் தொங்கவிட்டுப் பூஜ்யம் வைத்திருப்பார்கள், அப்போது கொக்கியின் எடையும் வில்லை நீட்டியிருக்கும். கிடைமட்டமாகப் பிடித்தால் அந்த நீட்சி போய்விடும், முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். கொக்கி 20 கிராம் என்றால் ஒவ்வொரு அளவிலும் 20 கிராம் கூட்ட வேண்டும். செங்கலை இழுக்கும்போது பரவாயில்லை, பென்சில் மேல் 90 கிராம் காட்டும்போது அந்த 20 பெரிய தவறு. படுக்க வைத்த நிலையிலேயே திருகைத் திருப்பிப் பூஜ்யம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.